விடை மைனஸில் வருகிறதா? இரு சமன்பாட்டு வார்த்தைக் கணக்குகளில் பிழை தேடும் வழி

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகள் வருகின்றன. வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சமன்பாட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள். அதே சமன்பாடு தக்காளி, படகு, அப்பா-மகன் என்று வேடம் மாற்றிக்கொண்டு வரும்போதுதான் திணறல் தொடங்கும்.

மாலை வகுப்பில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இந்தக் கணக்குகளில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு முகம் உண்டு. வயது பூச்சியம் என்று வந்தால் ஒரு காரணம், நோட்டு மைனஸில் வந்தால் வேறு காரணம், 0 = 27 என்று வந்தால் இன்னொன்று. வழிமுறை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. விடையின் முகத்தைப் பார்த்தால் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எழுத்துகளைப் பற்றி ஒரு சொல். தேர்வில் எக்ஸ், ஒய் என்றே எழுதுங்கள். இங்கே நான் ப, ம என்ற இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்துகிறேன். எந்த எழுத்தானாலும் கணக்கு மாறாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் தெரியாத அளவுகளுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரையே வைத்தார்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கிடைத்த இரண்டு விடைகளையும் நீங்கள் எழுதிய இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள். பிறகு சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு, கேள்வித்தாளில் உள்ள வாக்கியங்களில் போட்டுப் பாருங்கள்.

சமன்பாடு ஒன்றில் பொருந்தி மற்றதில் பொருந்தவில்லை என்றால், தீர்க்கும்போது கை தவறியிருக்கிறது. இரண்டு சமன்பாடுகளிலும் பொருந்தி வாக்கியத்தில் பொருந்தவில்லை என்றால், தீர்த்தது சரி, சமன்பாடு அமைத்ததுதான் தவறு. என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வகையே மிக அதிகம். ஆனால் பிள்ளைகள் தேடுவது எப்போதும் முதல் வகையை. கூட்டலையும் பெருக்கலையும் நான்கு முறை சரிபார்ப்பார்கள். கேள்வியை மறுபடி ஒருமுறைகூடப் படிக்க மாட்டார்கள்.

"படித்தேன், ஆனால் ஒன்றுமே எழுத வரவில்லை"

இதற்கு நான் தரும் மருந்து ஒன்றுதான்: விடையை ஊகித்துச் சரிபாருங்கள். ஊகம் தவறாகவே இருக்கட்டும்.

சுமார் 1500 ஆண்டுகளுக்கு முந்தைய சீனக் கணித நூல் ஒன்றில் ஒரு கணக்கு வருகிறது. ஒரே கூண்டில் கோழிகளும் முயல்களும் இருக்கின்றன. தலைகள் 35, கால்கள் 94. ஒவ்வொன்றும் எத்தனை?

முயல் 10 என்று ஊகியுங்கள். அப்படியானால் கோழி 25. கால்களை எண்ணுவோம்: 25 × 2 + 10 × 4 = 90. வேண்டியது 94. ஊகம் பொருந்தவில்லை, பரவாயில்லை. இப்போது ரஃப் ஒர்க்கில் எழுதியதை உற்றுப் பாருங்கள். 25 + 10 = 35 என்பதையும், 25 × 2 + 10 × 4 = 94 ஆகிறதா என்பதையும் பார்த்தீர்கள். ஊகித்த எண்கள் இருக்கும் இடத்தில் எழுத்தை வையுங்கள்:

ப + ம = 35
2ப + 4ம = 94

சமன்பாடு வந்துவிட்டது. ஊகத்தைச் சரிபார்க்க என்ன செய்தீர்களோ அதைத்தான் சமன்பாடு எழுத்தில் சொல்கிறது. (கோழி 23, முயல் 12.) எப்படிச் சரிபார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை என்றால் கேள்வியே இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது இயற்கணிதத்தை விட்டுவிட்டுக் கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

"மைனஸ் 532.5 நோட்டு என்று வருகிறது"

கேள்வி: ஒருவரிடம் 20 ரூபாய், 50 ரூபாய் நோட்டுகள் மொத்தம் 25 உள்ளன. அவற்றின் மதிப்பு 800 ரூபாய். ஒவ்வொன்றும் எத்தனை?

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்:

ப + ம = 800
20ப + 50ம = 25

தீர்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ம = −532.5 என்று வந்தது. அவள் முதல் வரியில் "ப = 20 ரூபாய் நோட்டு" என்று எழுதியிருந்தாள். கோளாறு அங்கேதான். ப என்பது நோட்டு அல்ல, நோட்டுகளின் எண்ணிக்கை. அதைப் பொருளின் பெயராக நினைத்துவிட்டால், "20 ரூபாய் நோட்டும் 50 ரூபாய் நோட்டும் சேர்ந்தால் 800 ரூபாய்" என்பது ப + ம = 800 என்று தானாக வந்து விழும்.

எனவே முதல் வரியை எப்போதும் முழு வாக்கியமாக எழுதுங்கள்: "20 ரூபாய் நோட்டுகளின் எண்ணிக்கை ப என்க." விலை என்றால் "ஒரு கிலோ தக்காளியின் விலை, ரூபாயில், ப என்க." தக்காளிக்கு த, வெங்காயத்துக்கு வெ என்று முதலெழுத்தை வைப்பதை நான் விரும்புவதில்லை. 2த என்பதைப் பார்த்ததும் கண் அதை "இரண்டு தக்காளி" என்று படித்துவிடுகிறது.

பிறகு அலகைப் பாருங்கள். 20ப + 50ம என்பது ரூபாய். வலப்பக்கம் இருக்கும் 25 என்ன? நோட்டு. ரூபாய் எப்படி நோட்டுக்குச் சமமாகும்? சமக்குறிக்கு இரு பக்கமும் ஒரே அலகு இருக்க வேண்டும். சரியான இணை:

ப + ம = 25 (நோட்டு = நோட்டு)
20ப + 50ம = 800 (ரூபாய் = ரூபாய்)

முதல் சமன்பாட்டை 20-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் 30ம = 300. ஐம்பது ரூபாய் 10, இருபது ரூபாய் 15. சரிபார்ப்பு: 300 + 500 = 800.

பின்னம் வந்தாலே பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பேனாவின் விலை 12.50 ஆக இருக்கலாம், வேகம் 7.5 ஆக இருக்கலாம். ஆனால் ஆள், ஆடு, நோட்டு, டிக்கெட் என்று எண்ணிக்கையாக வரும் எதுவும் பின்னத்தில் வரக்கூடாது.

"எண்கள் சரி, ஆனால் தங்கை மூத்தவளாகிவிட்டாள்"

விடையில் இரண்டு எண்களும் சரியாக இருக்கும், ஆனால் இடம் மாறியிருக்கும். இதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கேள்வி: கயல்விழியைவிட அவளுடைய அக்கா 6 வயது மூத்தவள். இருவரின் வயதுகளின் கூடுதல் 34.

கயல்விழியின் வயது ப, அக்காவின் வயது ம. இடமிருந்து வலமாக வாக்கியம் ஓடுகிற ஓட்டத்திலேயே எழுதினால் என்ன ஆகும்? "கயல்விழி" முதலில் வருகிறாள், ப என்று எழுதி சமக்குறி போடுகிறோம். அடுத்து "அக்கா", ம. அடுத்து "6 மூத்தவள்", +6. ஆக, ப = ம + 6. இப்போது கயல்விழிக்கு 20, அக்காவுக்கு 14.

தமிழில் ஒப்பிடும்போது யாரோடு ஒப்பிடுகிறோமோ அவருடைய பெயர் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும், "விட" என்ற சொல்லைச் சுமந்துகொண்டு. அந்தப் பெயர்தான் அடித்தளம். எண்ணை அதன்மேல்தான் வைக்க வேண்டும். ஆகவே கேள்வியில் "ஐவிட" இருந்தால் அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் பெயரோடுதான் எண் சேரும்: அதிகம் என்றால் கூட்டல், குறைவு என்றால் கழித்தல். கயல்விழியோடு 6 சேர்ந்தால் அக்கா. ம = ப + 6. கயல்விழி 14, அக்கா 20.

"ஐப் போல்" என்பதற்கும் இதே வட்டம்தான். "மாணவர்கள் ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு." வட்டத்துக்குள் இருப்பது ஆசிரியர்கள். 6 ஆசிரியர்களோடு பெருக வேண்டும். மாணவர்கள் ப, ஆசிரியர்கள் ம என்றால் ப = 6ம. இதை 6ப = ம என்று எழுதுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு. அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு இதே கேள்வியைக் கொடுத்துப் பார்த்து, 1980-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதியிருந்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ்ச் சமன்பாடுதான். அதனால் இந்தத் தவறைச் செய்யும் பிள்ளையை மக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரிபார்க்க ஒரே ஓர் எண் போதும். ஆசிரியர் 10 என்றால் மாணவர் 60. 6 × 60 = 10 ஆகுமா? ஆகாது. தலைகீழ் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கழித்தலில் வருகிறது. "ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்" என்று படித்ததும் ஐந்திலிருந்து எக்ஸைக் கழித்துவிடுவார்கள். அவர்களை நான் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லச் சொல்வேன். "எக்ஸைவிட ஐந்து குறைவு" என்று சொல்லும்போதே வட்டம் எங்கே போட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

"அப்பாவுக்கும் மகனுக்கும் வயது பூச்சியம்"

கேள்வி: 5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 7 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்காக இருக்கும். இப்போதைய வயதுகள் என்ன?

தந்தையின் இப்போதைய வயது ப, மகனின் வயது ம. இரண்டு விதமான தவறான விடைகளை இந்த ஒரே கணக்கில் பார்த்திருக்கிறேன்.

பூச்சியம் வந்தால் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. ப − 5 = 7ம − 5 என்று எழுதினால் இரு பக்கமும் −5 அடிபட்டு ப = 7ம ஆகிவிடும். ப + 5 = 3ம + 5 என்பது ப = 3ம ஆகும். ஒருவருடைய வயது மகனுடையதைப் போல் 7 மடங்காகவும் 3 மடங்காகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமானால் இருவருக்கும் பூச்சியம்தான் வழி.

மகனுக்கு −2.5 வயது என்று வந்தால் காலம் ஒருவருக்கு மட்டும் நகர்ந்திருக்கிறது. ப − 5 = 7ம, ப + 5 = 3ம என்று எழுதியிருப்பீர்கள். தந்தை ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போனார், மகன் அங்கேயே நின்றுவிட்டான்.

இரண்டுக்கும் தீர்வு ஒரு சின்ன அட்டவணை. மேலே "அன்று, இன்று, பின்பு" என்று மூன்று கட்டம், பக்கவாட்டில் தந்தை, மகன். தந்தை: ப − 5, ப, ப + 5. மகன்: ம − 5, ம, ம + 5. கட்டத்திலிருந்து எடுக்கும்போது முழுக் கட்டத்தையும் அடைப்புக்குறியோடு எடுங்கள்:

ப − 5 = 7(ம − 5)
ப + 5 = 3(ம + 5)

விரித்தால் ப = 7ம − 30, ப = 3ம + 10. எனவே 4ம = 40, மகன் 10, தந்தை 40. அன்று 35-ம் 5-ம், ஏழு மடங்கு. பின்பு 45-ம் 15-ம், மூன்று மடங்கு.

"எழுத்து இரண்டும் மறைந்துவிட்டன"

0 = 27 போல ஒன்று வந்தால் முதலில் ஈரிலக்க எண் கணக்கா என்று பாருங்கள். "ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 11. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 அதிகமாகிறது." எண்ணைப் "பம" என்றும், இடம் மாறிய எண்ணை "மப" என்றும் எழுதியிருப்பீர்கள். இயற்கணிதத்தில் இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றால் பெருக்கல். பம-வும் மப-வும் ஒன்றே, கழித்தால் 0. பத்தாம் இட இலக்கம் ப, ஒன்றாம் இட இலக்கம் ம என்றால் எண் 10ப + ம. இடம் மாறினால் 10ம + ப. வித்தியாசம் 9ம − 9ப = 27, அதாவது ம − ப = 3. ப + ம = 11 என்பதோடு சேர்த்தால் எண் 47. இடம் மாற்றினால் 74, வித்தியாசம் 27.

0 = 0 அல்லது 190 = 190 என்று வந்தால் சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள். 2 கிலோ தக்காளியும் 3 கிலோ வெங்காயமும் 190 ரூபாய், 4 கிலோ தக்காளியும் 1 கிலோ வெங்காயமும் 180 ரூபாய் என்ற கணக்கில், முதல் சமன்பாட்டிலிருந்து ப-வின் மதிப்பைப் பிரித்தெடுத்து அதே முதல் சமன்பாட்டிலேயே பிரதியிட்டால் இப்படி ஆகும். இரண்டாவதில் பிரதியிடுங்கள். தக்காளி 35, வெங்காயம் 40 என்று வரும்.

அபூர்வமாகக் கேள்வியிலேயே சிக்கல் இருக்கும். இரண்டாவது வாக்கியம் "4 கிலோ தக்காளியும் 6 கிலோ வெங்காயமும் 380" என்றிருந்தால் அது முதல் வாக்கியத்தின் இரட்டிப்பு மட்டுமே, புதிய செய்தி இல்லை. விடைகள் எண்ணற்றவை. 400 என்றிருந்தால் இரண்டு கோடுகளும் இணையாக ஓடும், விடையே கிடையாது.

"ஒன்றில் பொருந்துகிறது, மற்றதில் பொருந்தவில்லை"

பெரும்பாலும் நீக்கல் முறையில் கழிக்கும்போது நடந்த குறிப் பிழை. கீழே உள்ள சமன்பாட்டைக் கழிக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்திருப்பீர்கள். நான் பிள்ளைகளைக் கழிக்கவே விடுவதில்லை. கீழ்ச் சமன்பாடு முழுவதையும் −1-ஆல் பெருக்கிப் புதிதாக எழுதச் சொல்லி, பிறகு கூட்டச் சொல்வேன். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

"விடை அழகாக வந்தது, ஆனாலும் தவறு"

இதுதான் ஆபத்தானது, எந்த அறிகுறியும் இல்லை. நீரோட்டத்தின் திசையில் 8 கி.மீ. செல்ல ஒரு படகுக்கு 40 நிமிடம், எதிர்த்து அதே 8 கி.மீ. வர 1 மணி நேரம். நிலைநீரில் படகின் வேகம் என்ன, நீரோட்டத்தின் வேகம் என்ன?

40 நிமிடத்தை 0.40 மணி என்று எழுதிவிட்டால் வேகம் 20. எதிர்த்து 8. ப + ம = 20, ப − ம = 8. படகு 14, நீர் 6. முழு எண்கள், பார்க்க லட்சணமாக இருக்கின்றன. கேள்வியில் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 40 நிமிடம் போனால் 13 கி.மீ.க்கும் மேல் போய்விடும். கேள்வியில் இருப்பதோ 8.

40 நிமிடம் என்பது 40/60, அதாவது 2/3 மணி. வேகம் 12. ப + ம = 12, ப − ம = 8. படகு மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் 2 கி.மீ.

இதே வகைக் கணக்கில் நீரோட்டம் −2 என்று வந்தால் பதற வேண்டாம். போகும் திசையையும் எதிர்த் திசையையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், அளவு சரிதான். ஆனால் குறியை மட்டும் அடித்துவிட்டு 2 என்று எழுதாதீர்கள், மேலே உள்ள சமன்பாடுகளைத் திருத்துங்கள். திருத்துபவர் மேலிருந்து கீழே படித்து வருவார்.

கொடுத்து வாங்கும் கணக்கு

பாஸ்கரரின் பீஜகணிதத்தில் (1150 வாக்கில்) ஒரு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன பலவற்றை ஒரே இடத்தில் சோதித்துவிடும். ஒருவன் சொல்கிறான்: "நண்பா, எனக்கு நூறு கொடு, என் செல்வம் உன்னுடையதைப் போல் இரு மடங்காகிவிடும்." மற்றவன் சொல்கிறான்: "நீ எனக்குப் பத்து கொடு, என்னுடையது உன்னுடையதைப் போல் ஆறு மடங்காகிவிடும்." இருவரிடமும் இருப்பது எவ்வளவு?

ப + 100 = 2ம, ம + 10 = 6ப என்று எழுதினால் ம = 610/11 என்று ஒழுங்கற்ற பின்னம் வரும். அப்பா மட்டும் வயது குறைந்த கணக்கைப் போலத்தான் இதுவும்: வாங்கியவன் கையில் பணம் ஏறிவிட்டது, கொடுத்தவன் கையிலிருந்து இறங்கவில்லை. "கொடு" என்ற சொல்லைக் கண்டால் இரண்டு பேருடைய கட்டமும் மாற வேண்டும்.

ப + 100 = 2(ம − 100)
ம + 10 = 6(ப − 10)

முதலாவதிலிருந்து ப = 2ம − 300. இரண்டாவதில் பிரதியிட்டால் ம + 10 = 12ம − 1860, 11ம = 1870, ம = 170, ப = 40. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். நூறு கைமாறினால் 140-ம் 70-ம். பத்து கைமாறினால் 180-ம் 30-ம்.